மறு: எண்டோஸ்கோப்பிக் லம்பார் டிஸ்கெக்டமி – தமிழில்?

> 'அகநோக்கி வழி இடுப்புத் தண்டுவட வட்டு விலகல் நீக்கம்' என்று வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம் ஐயா,

முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்குக்கு வட்டு, உள்ளே பார்க்கும் கருவியான எண்டோஸ்கோப்புக்கு அகநோக்கி, இரண்டும் சரி. தண்டுவடம் வேண்டாம். அது முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்போடு முடிந்துவிடுகிறது. இந்த அறுவை பெரும்பாலும் நடப்பது அதற்கும் கீழே, நான்காம், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளை ஒட்டிய எல்4–எல்5, எல்5–எஸ்1 மட்டங்களில்; அங்கே இருப்பவை நரம்பு வேர்கள்தான். பெயரிலேயே தண்டுவடம் இருந்தால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட யாருக்குத் துணிவு வரும்?

எனக்கு அதிகம் உறுத்துவது 'விலகல்'. 'ஜவ்வு விலகிடுச்சு' என்று ஊரே சொல்கிறது, தெரியும். ஆனால் வட்டு எங்கேயும் விலகுவதில்லை. வெளியே உள்ள நார்வளையம் கிழிந்து, உள்ளிருக்கும் கூழ் பிதுங்கி நரம்பு வேரை அழுத்துகிறது. வலி புட்டத்திலிருந்து கால்வரை இழுக்கிறது. விலகல் என்றதும் 'தட்டி உட்கார வைத்துவிடலாம்' என்று யாரிடமாவது முதுகைக் கொடுத்துவிடுகிறார்கள். முள்ளெலும்பே நழுவுவது ஸ்பாண்டிலோலிஸ்தசிஸ், அது வேறு நோய். விலகலை அதற்கு விட்டுவிடுவோம், இதற்குப் பிதுக்கம்.

டிஸ்கெக்டமி என்றாலும் இதில் முழு வட்டையும் எடுப்பதில்லை, பிதுங்கிய துண்டைத்தான் எடுக்கிறார்கள். ஆகவே 'வட்டுப்பிதுக்க நீக்கம்'.

'இடுப்பு' என்றால் இடுப்பு மூட்டு மாற்று அறுவைதான் நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்தில் கீழ்முதுகு வலியை 'நாரி நோ' என்பார்கள். நல்ல சொல், எடுத்துக்கொள்ளலாம்.

'மினிமலி இன்வேசிவ்' (சிறிய வெட்டில் செய்யும் அறுவை) என்பதற்கு இன்னொரு நண்பர் தந்த 'குறை ஊடுருவல்' எல்லைப்படைச் செய்தி மாதிரி இருக்கிறது. 'நுண்துளை' பழகிய சொல்தான். ஆனால் தோலில் வெட்டு ஏறக்குறைய 8 மி.மீ. இருக்கும், தவிர, 1977இல் நரம்பு அறுவை மருத்துவர்கள் யாசர்கிலும் காஸ்பரும் எழுதிய நுண்ணோக்கி அறுவையோடும் குழம்பும். 'சிறுதுளை' போதும்.

அப்புறம், அகநோக்கி உள்ளே போகும் வழிகள். பக்கவாட்டில் நரம்பு வெளிவரும் துளைக்குள் போவது 'நரம்புத்துளை வழி'. இதை மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டும் செய்கிறார்கள். கருவி நரம்பில் பட்டால் 'கால் சுண்டுது டாக்டர்' என்று விழித்திருக்கும் நோயாளியே சொல்லிவிடுவார். பின்பக்கமாக இரண்டு லாமினாவுக்கு (முள்ளெலும்பின் பின்புறம் தகடு போல இருக்கும் பகுதி) நடுவே போவதுதான் இடிக்கிறது. 'தகட்டிடை வழி' என்றால், எலும்பு முறிவுக்கு வைக்கும் பிளேட்டும் தகடுதானே?

இப்போதைக்கு என் பரிந்துரை: 'அகநோக்கிவழி நாரி வட்டுப்பிதுக்க நீக்கம்'. லாமினாவுக்கு வேறு சொல் இருந்தால் எலும்பியல் மருத்துவர்கள் யாராவது சொல்லுங்கள்.