நாளைக்குக் காலைல செவுரு மூடறாங்க

நான் (மாலை 6:04): எல்லாருக்கும் வணக்கம். நம்ம ரெக்கார்டிங் ஸ்டூடியோ செவுத்துக்கு நாளைக்கு 9 மணிக்கு போர்டு அடிச்சு மூடறாங்க. உள்ள போற ஆடியோ கேபிள் எதுன்னு இன்னிக்கு ராத்திரிக்குள்ள முடிவு பண்ணணும். மூடிட்டா அவ்ளோதான். பெரியப்பா கொஞ்சம் வாங்களேன்

அத்தை: என் அலுமினிய ஏணி யாருகிட்ட இருக்கு

நான்: கன்ட்ரோல் ரூம்லேருந்து பாடற ரூமுக்கு 20 மீட்டர். 16 மைக் லைன், 4 ஹெட்போன். கடைல ரெண்டு ரோல் காமிச்சாங்க. ஒண்ணு சாதா மைக் கேபிள், கைல நல்லா வளையுது. இன்னொண்ணு விறைப்பா, மெல்லிசா, உள்ள அலுமினியத் தாள் சுத்தியிருக்கு. அதுதான் விலை கம்மி. அதான் சந்தேகம்

அப்பா: விலை கம்மின்னா மட்டம்

அத்தான்: ஆக்சிஜன் ஃப்ரீ காப்பர் போடு மாப்ள. கேபிள் மேல அம்புக்குறி இருக்கும். அந்தப் பக்கமாத்தான் சத்தம் ஓடணும்

அக்கா: அம்புக்குறி பாத்துத்தான் இவர் ஏர்கூலரைத் திருப்பி மாட்டினார். தெருவே குளுகுளுன்னு இருந்துச்சு

அத்தான்: அது வேற

பெரியப்பா (6:21): கண்ணாடியைத் தேடிட்டு இருந்தேன். கேள். ரெண்டுமே நல்ல கேபிள்தான், வேலை வேற வேற. மைக் கேபிள்ல ஷீல்டு, அதாவது வெளி இரைச்சலைத் தடுக்கற உறை, செம்புக் கம்பியைப் பின்னினது. தினம் சுருட்டி விரிச்சாலும் தாங்கும். அந்த அலுமினியத் தாள், ஃபாயில் ஷீல்டு, இண்டு இடுக்கு இல்லாம முழுசா மூடும், ஆனா மடக்கி மடக்கி நிமிர்த்தினா கிழிஞ்சிடும். செவுத்துக்குள்ள போனப்பறம் அதை யார் மடக்கப் போறா? அதனால உள்ள ஃபாயில், தரைல இழுபடறதுக்குப் பின்னல்.

பெரியப்பா: இன்னொண்ணு. ஃபாயிலோட ஒட்டி ஒரு வெறுங்கம்பி ஓடும், ட்ரெய்ன் ஒயர். தாளை உரிச்சுட்டு அதை நேரா மைக் பிளக்கோட மூணு பின்னுல பின் 1-ல பத்தவெச்சா முடிஞ்சது. 16 லைன்னா 32 முனை. 32 தடவை பின்னலைப் பிரிச்சு முறுக்கி சால்டர் பண்ணிப் பாரு, விரல் நுனி சொல்லும் எது மட்டம்னு.

அப்பா: நான் பொதுவாச் சொன்னேன்

அத்தை: அண்ணே ஏணி

குட்டி: மச்சான், எந்தக் காலத்துல இருக்கீங்க. கேட் 6 நெட்வொர்க் கேபிள் ஒண்ணு இழு, ரெண்டு பக்கமும் சத்தத்தை டேட்டாவா மாத்தி அனுப்பற டான்டே பெட்டி வை. 100 மீட்டர் வரை போகும். 16 லைனும் ஒரே ஒயர்ல

பெரியப்பா: பெட்டிக்கு வயசாகும். செம்புக்கு ஆகாது

அப்பா: இப்படித்தான் அப்பா வாங்கின ஸ்பூல் டேப் ரிக்கார்டரும் கெடாதுன்னே. பிரிச்சுப் போட்டு 41 வருசம்

பெரியப்பா: பெல்ட் கிடைக்கலைன்னு உனக்குத் தெரியும்

அக்கா: ஆரம்பிச்சாச்சு

குட்டி: பெரிய மாமா, அந்த மாதிரி பெல்ட்டெல்லாம் இப்ப நெட்ல கிடைக்குது. அளவு மட்டும் சொல்லுங்க

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அத்தை: என்ன அண்ணே எழுதினே

பெரியப்பா: குட்டி சொல்றதையும் தள்ள வேண்டாம். கேட் 6 ரெண்டு சும்மா இழுத்துப் போட்டு வை, பின்னாடி உதவும். ஆனா வாங்கறப்போ நுனியைச் சுரண்டிப் பாரு. உள்ள வெள்ளையா இருந்தா அலுமினியத்துல செம்பு பூசினது, வேண்டாம்.

அத்தான் (6:48): எனக்கு ஒரு ஃபார்வர்டு வந்தது. கேபிள் நீளமானா கெப்பாசிட்டன்ஸ்னு மின்சாரத்தைத் தேக்கற குணம் கூடி, சலங்கை சத்தமெல்லாம் மழுங்கிடுமாம். 20 மீட்டர் ஆச்சே

பெரியப்பா: கணக்குப் போடுவோம். மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட்னு வை. 20 மீட்டருக்கு 2000. மைக்கோட அவுட்புட் 200 ஓம்னு வை. இதுல 3 டெசிபல் குறையறதே 4 லட்சம் ஹெர்ட்ஸ் கிட்டதான். நம்ம காது 20 ஆயிரத்தோட சரி. எனக்கு இப்ப 8 ஆயிரமே சந்தேகம்.

பெரியப்பா: ஆனா கிட்டாரை நேரா அதுல சொருகாதே. பிக்கப்போட இம்பிடன்ஸ், அதாவது மின் தடுப்பு, ஜாஸ்தி, அங்க நிஜமாவே மழுங்கும். அதை மைக் லைனுக்கு ஏத்தபடி குறைக்கற டி.ஐ. பெட்டியைப் பாடற ரூம்லயே வெச்சிடு.

அத்தான்: அப்ப ஃபார்வர்டு பாதி சரி

அக்கா: கால்வாசி

நான்: எலக்ட்ரீஷியன் ஷீல்டை ஒரு பக்கம் மட்டும் கட்டச் சொல்றார். ரெண்டு பக்கமும் கட்டினா ஹம், அந்த உம்முனு இரைச்சல், வருமாம்

பெரியப்பா: மைக் லைன்ல அந்த வேலையே வேண்டாம். கண்டென்சர் மைக்குக்கு மிக்சர் அனுப்பற கரண்ட், பாண்டம் 48 வோல்ட், பின் 2, 3 வழியாப் போய் ஷீல்டு வழியாத்தான் திரும்புது. ஒரு பக்கம் வெட்டினா கண்டென்சர் மைக் ஊமையாயிடும்.

அப்பா: ஒரு பக்கம்தான் கட்டணும்னு என்கிட்ட அடிச்சுப் பேசினது யாரு? மாடி ரூம் ஒயரிங் அப்போ. நான் ரெண்டு பக்கமும் கட்டினதை வெட்டிவிட்டுட்டு வேற போனே

பெரியப்பா: பேசினேன். அப்பறம் மாத்திக்கிட்டேன். 1995-ல நீல் மன்சின்னு ஒரு ஆடியோ இன்ஜினியர், ஏ.இ.எஸ்.-ங்கற ஆடியோ இன்ஜினியர் சங்கத்தோட இதழ்ல எழுதினார். ஹம்முக்குக் காரணம் பல சமயம் கேபிள் இல்ல, பெட்டிக்குள்ள பின் 1-ஐ சேசிஸ்ல, அதாவது வெளி உலோகக் கூட்டுல, கட்டாம சர்க்யூட் பலகைல கட்டறதுதான்னு. 2005-ல ஏ.இ.எஸ். 48-ன்னு அதுக்குத் தரமே வந்துடுச்சு, ஷீல்டு உள்ள நுழையற இடத்துலயே சேசிஸ்ல சேரணும்னு.

அப்பா: மாத்திக்கிட்டதை என்கிட்ட சொல்லல

பெரியப்பா: இப்ப சொல்லிட்டேன்ல

அத்தை: அடேயப்பா

குட்டி: அத்தனை பேரும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கங்க

பெரியப்பா: ஹம் பயம் இருந்தா ரெண்டு ரூம் பிளக்குக்கும் ஒரே போர்டுலேருந்து கரண்டும் எர்த்தும் எடு. மைக் பைப்பும் கரண்ட் பைப்பும் பக்கத்துல பக்கத்துல ஓடக் கூடாது, ஒரு அடியாவது தள்ளி. தாண்டித்தான் ஆகணும்னா குறுக்கே, செங்குத்தா. விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கற டிம்மர் இருக்கா?

நான்: கதவு பக்கம் ஒண்ணு. 4 மைக் லைன் அங்கதான் வருது

பெரியப்பா: அந்த நாலுக்கு மட்டும் ஸ்டார் குவாட். உள்ள நாலு கம்பி முறுக்கியிருக்கும், காந்தப்புலத்தோட தொல்லையை நல்லா அடக்கும். மத்ததுக்கு அது வீண்.

நான்: சரி அப்ப 16 + 4 = 20 லைன்

பெரியப்பா: எப்படி 20? ஹெட்போனுக்கு இடது ஒண்ணு வலது ஒண்ணு. 8 ஜோடி. ஹெட்போன் ஆம்ப் பாடற ரூம்ல, அது வரைக்கும் பெருக்காம லைன் லெவல்ல அனுப்பு. 24 ஆச்சா. உபரி 8. 32.

அப்பா: உபரி எட்டா? தண்டச் செலவு

பெரியப்பா: செவுத்தை ஒடைக்கறது தண்டம் இல்லியா

அத்தான்: மைக் கேபிளை எலி கடிக்குமா

அக்கா: நீங்க கொஞ்சம் கம்முனு இருங்க

நான் (7:30): பைப் ரெண்டுதான் போட்டிருக்கேன் பெரியப்பா. 32 போகுமான்னு தெரியல

பெரியப்பா: குரல் செய்தி 6 நிமிஷம் 12 விநாடி

அக்கா: யாராவது கேட்டுச் சுருக்கமாச் சொல்லுங்க

குட்டி: கேட்டேன். பைப்ல பாதி கூட நெறைக்கக் கூடாது, 40 சதவீதத்தோட நிறுத்து. மூணாவது பைப் போடு, அதுல கேபிள் வேண்டாம், நைலான் கயிறு மட்டும். முட்டி வளைவு ஆகாது, பெரிய வளைவா. கடைசி நாலு நிமிஷம் டேப் ரிக்கார்டர்

நான்: பைப் வழியா சத்தம் ஒழுகுமா? டிரம்ஸ் வரும்

பெரியப்பா: கட்டாயம் ஒழுகும். ஒரு முனைல பேசினா மறு முனைல கேக்கும், சின்னப் புள்ளைல விளையாடலியா. கேபிள் இழுத்து டெஸ்ட் முடிஞ்சதும் ரெண்டு வாயிலயும் ராக்வூல் பஞ்சு திணிச்சு மேல சீலன்ட். கயிறு பைப்பையும் விடாதே.

பெரியப்பா: நம்பர். இழுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு முனைலயும். ஸ்டிக்கர் வேண்டாம், உதிரும். கேபிள் மேலயே எழுதி, கண்ணாடி மாதிரி ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சூடு காட்டிச் சுருக்கு. மாடி ரூம்ல 9-ஆம் நம்பர் லைன் எங்க போச்சுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

அப்பா: எனக்குத் தெரியும்

பெரியப்பா: எங்க

அப்பா: அப்பறம் சொல்றேன்

அக்கா: 😂😂

பெரியப்பா: முக்கியமானது. மல்டிமீட்டர் வெச்சு ஒவ்வொரு லைனையும் போர்டு அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, அடிச்சப்பறம் ஒரு தடவை பாரு. 1, 2, 3 சரியாப் போகுதா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டலியான்னு. ஸ்க்ரூ கேபிளைத் துளைக்கறது ரெண்டாவது தடவைலதான் தெரியும். கார்பெண்டர் கிளம்பறதுக்குள்ள பாத்துடணும்.

நான்: ஃபாயில் கேபிள் 28, ஸ்டார் குவாட் 4, கேட் 6 ரெண்டு. சரியா?

அப்பா: 24 போதும். உபரி ரெண்டு

பெரியப்பா: 32

நான்: கடை 8:30-க்கு மூடிடும்

குட்டி: நான் வாங்கிட்டு வரேன். எண்ணிக்கை மட்டும் பேசி முடிங்க

நான்: கார்பெண்டர்கிட்ட ஒரு நாள் தள்ளிக் கேக்கட்டுமா? மூணாவது பைப் வேற போடணும்

அப்பா: தள்ளிப் போடாதே, அப்பறம் வர மாட்டாங்க

பெரியப்பா: தள்ளிப் போடு

அத்தை (8:11): நான் ஆறு மணிலேருந்து கேக்கறேன்

நான்: அத்தை, ஏணி ஸ்டூடியோல இருக்கு. அது மேல நின்னுதான் போர்டு அடிப்பாங்க

அத்தை: யாரைக் கேட்டு எடுத்தே?

நான்: அப்பாதான் எடுத்துட்டுப் போகச் சொன்னார்

அக்கா: அப்பா குரூப் நோட்டிஃபிகேஷனை நிறுத்திட்டு போனைக் கவுத்து வெச்சிட்டார்

குட்டி: 32-ஆ 26-ஆ? கடைல நிக்கறேன்

பெரியப்பா: 32. 9-ஆம் லைன் எங்கன்னு அவனைக் கேட்டுச் சொல்லுங்க