ஸ்ட்ரெயினா, டேங்க்கா? மலேசியாவின் பத்து காவானில் நுண்ணுயிர் பிளாஸ்டிக் செய்ய எதில் காசு போடுவது?

பத்துகாவான்_பயோ:
ஏழெட்டுப் பேர் கொண்ட ஒரு சிறு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். செம்பனை எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில் மிஞ்சும் கொழுப்பமிலத்தைத் தின்று செல்லுக்குள் பிஎச்ஏ என்ற மக்கும் பிளாஸ்டிக்கைச் சேர்க்கும்படி, கியூப்ரியாவிடஸ் நெகேட்டர் பாக்டீரியாவில் மரபணு மாற்றம் செய்திருக்கிறார்கள். 5 லிட்டர் வளர்ப்புக் கலனில் லிட்டருக்கு 120 கிராம் உலர் செல் வருகிறது. அதில் 75 விழுக்காடு பிளாஸ்டிக். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் காணும். ஸ்ட்ரெயினை, அதாவது இந்த பாக்டீரியா ரகத்தை, இன்னும் மெருகேற்றலாமா, 1,000 லிட்டர் கலனுக்குப் போகலாமா?

கலன்காரர்:
120 கிராம் வந்துவிட்டதென்றால் ஸ்ட்ரெயின் போதும், கலனுக்குப் போங்கள். ஆனால் முதலில் வெப்பக் கணக்கைப் போடுங்கள். செல்கள் ஒரு மோல் ஆக்சிஜனைச் செலவழித்தால் சுமார் 460 கிலோஜூல் சூடு வெளியேறும். சர்க்கரையைவிட எண்ணெய்க்கு ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும். உச்ச நேரத்தில் லிட்டருக்கு மணிக்கு 200 மில்லிமோல் ஆக்சிஜன் என்று பிடித்தால், ஒரு கன மீட்டருக்கு 25 கிலோவாட்டைத் தாண்டும். கலக்கியின் சூட்டையும் சேர்த்தால் 28.

1,000 லிட்டர் கலனின் ஜாக்கெட், அதாவது குளிர்நீர் ஓடும் வெளிச்சுவரின் பரப்பு, ஏறக்குறைய 4 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு 400 வாட் கடத்துகிறது என்று வைத்தால், 28 கிலோவாட்டை இழுக்க கலனுக்கும் குளிர்நீருக்கும் 17 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வேண்டும். செல் வளர்வது 30 டிகிரியில். நம் ஊர் ஈரக்காற்றில் காற்றால் தண்ணீரை ஆற்றும் கூலிங் டவரின் தண்ணீர் 28, 29க்குக் கீழே இறங்குவதே அபூர்வம். தண்ணீரை இயந்திரத்தால் குளிர்விக்கும் சில்லருக்குக் காசு ஒதுக்காமல் கலன் வாங்கவே கூடாது. 5 லிட்டரில் இது கண்ணில் படாது, அங்கே கொள்ளளவுக்குப் பரப்பு தாராளம். 10,000 லிட்டரில் ஜாக்கெட் மட்டும் போதவே போதாது, உள்ளே சுருள் குழாயும் வேண்டும்.

செல்வழி:
அண்ணே, உங்கள் கணக்கே என் பக்கம்தான் பேசுகிறது. 30 டிகிரி என்று முடிவு செய்தது யார்? ஸ்ட்ரெயின்தானே! சீனாவில் ஹாலோமோனாஸ் என்ற, உப்பைத் தாங்கும் பாக்டீரியாவை வைத்து இதே பிஎச்ஏ எடுக்கிறார்கள். 37 டிகிரி, லிட்டருக்கு 50, 60 கிராம் உப்பு, காரத்தன்மை. வேறு கிருமி அண்டுவது கடினம் என்பதால் நீராவியில் கிருமி நீக்கும் செலவும் குறைகிறது. டவர் தண்ணீருக்கும் கலனுக்கும் எட்டு டிகிரி இடைவெளி கிடைத்தால் சில்லரின் அளவே சுருங்கும்.

இன்னொன்று, மாற்றிய மரபணு பிளாஸ்மிடில் (செல் எளிதில் தொலைக்கக்கூடிய தனி டிஎன்ஏ வளையம்) இருக்கிறதா, நிலையான குரோமோசோமிலா? 5 லிட்டரில் கனமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை ஊற்றிப் பிளாஸ்மிடைப் பிடித்து வைக்கலாம். 1,000 லிட்டரில் ஊற்றினால் செலவு ஒரு பக்கம், கழிவுநீரில் ஆன்டிபயாடிக் ஒரு பக்கம். ஊற்றாவிட்டால், 200 மடங்கு பெரிதாகும்போது கூடும் எட்டு தலைமுறைகளில் பிளாஸ்மிடைத் தொலைத்த செல்கள் முந்திக்கொள்ளும். மருந்தில்லாமல் 50 தலைமுறை வளர்த்து, 100 காலனியை (ஒரே செல்லிலிருந்து பெருகிய திட்டு) மருந்துள்ள தட்டிலும் இல்லாத தட்டிலும் குத்திப் பாருங்கள். மருந்துத் தட்டில் கணிசமாகக் குறைந்தால் கலன் பேச்சையே எடுக்காதீர்கள், குரோமோசோமில் பதித்துவிட்டு வாருங்கள்.

பிறை_அறுவடை:
பிளாஸ்மிட் சோதனை கட்டாயம் வேண்டும். உப்புக்கு மட்டும் நான் ஒப்பமாட்டேன். கலன் செய்யும் 316எல் துருப்பிடிக்காத ஸ்டீலையும் உப்பின் குளோரைடு அரித்துக் குழி பறிக்கும், வெல்டிங் ஓரங்களில் முதலில் தெரியும். கழிவுநீருக்கு பிஓடி (அதிலுள்ள கரிமக் கழிவைச் சிதைக்க பாக்டீரியாவுக்கு வேண்டிய ஆக்சிஜன்) வரம்பு ஏ தரத்தில் லிட்டருக்கு 20 மில்லிகிராம், பி தரத்தில் 50. பிஓடியைச் சுத்திகரிப்புக் குளத்து பாக்டீரியா தின்று குறைக்கும், உப்பைத் தின்னாது. மேலும் ஹாலோமோனாஸைப் பெரும்பாலும் குளுக்கோஸில்தான் வளர்க்கிறார்கள். சர்க்கரை ஒரு கிராமுக்கு 0.3 முதல் 0.4 கிராம் பிளாஸ்டிக், எண்ணெய்க்கு 0.6 முதல் 0.8. நம் நாட்டில் எண்ணெயை விட்டுச் சர்க்கரைக்குப் போவதா?

நீங்கள் இருவரும் தொடாதது தீனிக் குழாய். ஆலையில் கிடைக்கும் கொழுப்பமில வடிப்பு அறை வெப்பத்தில் கட்டியாக இருக்கும். 60 டிகிரியில் உருக்கி பம்ப் செய்தாலும், 30 டிகிரிக் கலனில் விழுந்ததும் குருணை குருணையாக உறையும். ஆக்சிஜனை அளக்கும் புரோபில் மெழுகாகப் படிந்தால் அளவு தப்பாகக் காட்டும். ஆக்சிஜன் குறைவு என்று நினைத்து கன்ட்ரோலர் கலக்கியை முடுக்கும், நுரை பொங்கி கலனிலிருந்து வெளியேறும் காற்றின் ஃபில்டரை நனைக்கும். ஃபில்டர் அடைத்தால் அந்த பேட்ச் போனதுதான். செம்பனை எண்ணெயின் திரவப் பகுதியான ஓலீனோடு கலந்து, கருவேலம் பிசின் சேர்த்துக் குழம்பாக்கி, சிறுகச் சிறுக ஊட்டவேண்டும்.

வளர்ச்சி நின்றதும் 70, 80 டிகிரிக்கு ஏற்றி அரை மணி நேரம் வையுங்கள். தாமதித்தால் செல்கள் சேர்த்த பிளாஸ்டிக்கையே தின்னத் தொடங்கும். மரபணு மாற்றிய செல் உயிரோடு வடிகாலுக்குப் போகாதிருக்கவும் இதுவே முதல் படி. 2007ஆம் ஆண்டின் உயிரியல் பாதுகாப்புச் சட்டப்படி தேசிய உயிரியல் பாதுகாப்பு வாரியத்துக்குக் கொடுக்கும் அறிவிப்பில் இந்தச் செயலிழப்பு முறையைத் தெளிவாக எழுதுங்கள். பிரித்தெடுக்கையில் ஹைப்போகுளோரைட் வெளுப்பானில் அதிக நேரம் ஊறவிட்டால் பாலிமர்ச் சங்கிலி அறுந்து, பிளாஸ்டிக் நொறுங்கும்.

சுபாங்_கணக்கு:
1,000 லிட்டரில் ஒரு பேட்சுக்கு 90 கிலோ பிளாஸ்டிக். இழப்புப் போக 80. அதை வாங்கப்போவது யார்? அமெரிக்காவில் மெட்டபாலிக்ஸ் என்ற பயோபிளாஸ்டிக் நிறுவனமும் ஏடிஎம் (ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட்) என்ற வேளாண் நிறுவனமும் சேர்ந்து ஆண்டுக்கு 50,000 டன் பிஎச்ஏ ஆலை கட்டினார்கள். ஸ்ட்ரெயினும் இருந்தது, கலனும் இருந்தது. சந்தை எதிர்பார்த்த வேகத்தில் வளராததால் 2012இல் ஏடிஎம் விலகிக்கொண்டது. சில்லரோடு இருக்கும் கலனை வாடகைக்கு எடுங்கள், வாங்க வேண்டாம்.

செல்வழி:
வாடகைக் கலனில் ஓலீன் குழம்பை ஊற்ற விடுவார்களா? அடுத்தவர் பேட்சுக்குக் கொழுப்பு ஒட்டும் என்று பலர் மறுப்பார்கள். கேட்காமல் ஒப்பந்தம் போடவேண்டாம்.

கலன்காரர்:
அதைக் கேட்பதற்கு முன் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 5 லிட்டர் கலனில் தீனி வேகத்தைக் குறைத்து, ஆக்சிஜன் செலவை லிட்டருக்கு மணிக்கு 120 மில்லிமோலுக்கு மேல் போகவிடாதீர்கள். கன மீட்டருக்கு மொத்தச் சூடு 18 கிலோவாட்டாகவும் தேவையான வித்தியாசம் 11 டிகிரியாகவும் இறங்கும். பேட்ச் எத்தனை மணி நேரம் நீள்கிறது, பிளாஸ்டிக் 75 விழுக்காட்டிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் சில்லர் உள்ள எந்த வாடகைக் கலனிலும் இது ஓடும். 60க்கு இறங்கினால் தம்பி செல்வழி சொல்வதுபோல் ஸ்ட்ரெயினுக்கே திரும்புங்கள்.