லுக்கிங் ஃபார் அலாஸ்கா: துக்கம் துப்பறியத் தொடங்கும்போது

ஜான் கிரீன் எழுதி 2005இல் வெளிவந்த 'லுக்கிங் ஃபார் அலாஸ்கா' நாவலைத் துப்பறியும் கதை என்று யாரும் எனக்கு அறிமுகப்படுத்தவில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள ஓர் உறைவிடப் பள்ளியில் நடக்கும் கதை என்றும், பதின்பருவத்தினருக்கான நூல்களுக்கு அங்கே வழங்கப்படும் பிரின்ட்ஸ் விருதை 2006இல் பெற்றது என்றும் மட்டும் அறிந்துகொண்டுதான் வாசிக்கத் தொடங்கினேன். '136 நாட்களுக்கு முன்' என்ற தலைப்புடன் தொடங்கும் பகுதிகளில் அந்த எண் குறைந்துகொண்டே வருகிறது. எதற்கு முன் என்பது பாதி நூலைக் கடந்த பிறகுதான் விளங்குகிறது. கதையின் முடிச்சைச் சொல்லாமல் என் அனுபவத்தைச் சொல்ல இயலாது என்பதால், இனிமேல்தான் படிக்கப்போகிறவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

ஜனவரி மாதத்து நள்ளிரவு ஒன்றில், தொலைபேசியில் பேசிவிட்டு வரும் அலாஸ்கா யங் என்ற மாணவி, தான் உடனே வெளியே போயாக வேண்டும் என்று அழுதபடி மன்றாடுகிறாள். அவள் நிறையக் குடித்திருக்கிறாள். கதையைச் சொல்லும் மைல்ஸும், 'கர்னல்' என்று அழைக்கப்படும் அவனுடைய அறைத்தோழனும் அவளைத் தடுக்காததோடு, விடுதியைக் கண்காணிப்பவரின் கவனத்தைத் திருப்பப் பட்டாசு கொளுத்தி அவளுக்கு வழியும் செய்துகொடுக்கிறார்கள். நெடுஞ்சாலையில் நின்றிருந்த காவல்துறை வாகனத்தின் மீது அவளுடைய கார் மோதி அவள் இறந்துபோகிறாள். அது விபத்தா, அவளாகத் தேடிக்கொண்ட முடிவா என்று அவர்கள் இருவரும் தேடத் தொடங்குகிறார்கள்.

இந்தத் தேடல்தான் என்னை நிலைகுலைய வைத்தது. சம்பவ இடத்தில் இருந்த காவலரிடம் போய் விசாரிக்கிறார்கள். கார் சற்றும் விலகாமல் நேராக வந்தது என்கிறார் அவர். அவளுடைய இரத்தத்தில் எவ்வளவு மது இருந்தது என்று அறிந்த கர்னல், அந்த நிலை எப்படியிருக்கும் என்று பார்க்கத் தானும் குடித்து, கருவியில் ஊதிப் பார்க்கிறான். தொலைபேசியின் அருகே அவள் பேசிக்கொண்டே வரைந்த பூக்களைக் கண்டுபிடிக்கிறார்கள். சிறுமியாக இருந்தபோது கண் முன்னே தாய் இறந்த நாளை அவள் அன்று மறந்துவிட்டாள் என்பதும், அந்தப் பூக்களை வரைந்தபோதுதான் அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும் என்பதும் மெல்ல மெல்லத் தெளிவாகின்றன. ஆனால் கடைசிக் கணத்தில் அவள் என்ன நினைத்தாள் என்ற கேள்விக்கு மட்டும் விடை கிடைப்பதேயில்லை.

கல்லூரி விடுதியில் எங்களோடு இருந்த நண்பன் ஒருவன், இரவு நேரத்தில் பைக்கில் போய் விபத்தில் இறந்தான். அடுத்து வந்த வாரங்களில் நாங்களும் இதையேதான் செய்தோம்: அவன் கடைசியாக யாரோடு பேசினான், புறவழிச்சாலை டீக்கடையில் நின்றானா, எந்தப் பக்கமாக வண்டியைத் திருப்பினான் என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டு அலைந்தோம். எங்களுக்கு உண்மையில் வேண்டியிருந்தது தகவல் அல்ல என்று இப்போது தோன்றுகிறது. கேட்டுக்கொண்டிருக்கும்வரை அவனைப் பற்றிப் பேச எங்களுக்கு ஒரு காரணம் இருந்தது. கேள்விகள் தீர்ந்தால் அவன் போய்விட்டான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.

நாவலில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். முதற்பாதி முழுவதும் அலாஸ்காவை மைல்ஸின் மயக்கத்தின் வழியாகவே பார்க்கிறோம். அவள் தன் குரலில் பேசும் இடங்கள் இன்னும் கூடுதலாக இருந்திருக்கலாம். அமெரிக்காவில் எதிர்ப்புக்கு உள்ளான நூல்களின் பட்டியலில் 2015இல் இது முதலிடம் பிடித்தது. அந்த எதிர்ப்பில் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் அண்மையில் உறவினரை இழந்த இளையவர் எவருக்கும் முன்கூட்டி எதுவும் சொல்லாமல் இதைக் கொடுக்கமாட்டேன்.

இறந்த நண்பனின் தம்பி படிப்பதற்கு ஏதேனும் நாவல் கேட்டபோது, நடுவில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிட்டே இதைக் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டு அவன் என்னிடம் ஒன்றுதான் கேட்டான்: "அண்ணா, டக்குமி ஏன் அத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை?" அலாஸ்கா அன்றிரவு புறப்பட்டதைத் தானும் பார்த்ததையும், தானும் அவளைப் போக விட்டதையும், ஊருக்குப் போகும்போது எழுதிவைத்த கடிதத்தில்தான், மைல்ஸுக்கும் கர்னலுக்கும் நண்பனான டக்குமி சொல்கிறான். மைல்ஸையும் கர்னலையும் போலவே அவனும் அந்தக் குற்ற உணர்வைச் சுமந்துகொண்டிருந்தான் என்பது அந்தக் கடிதத்தால்தான் வெளிப்படுகிறது.

தம்பி கேட்டதை விடுதி நண்பர்கள் சிலரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அதுவரை பேசாமல் இருந்த ஒருவன், அன்றிரவு பைக் சாவியை எடுத்துக் கொடுத்தது தான்தான் என்றான். இத்தனை ஆண்டுகளில் அதை அவன் எங்களில் யாரிடமும் சொன்னதில்லை. அதைத் தம்பியிடம் தானே நேரில் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறான். அதற்கு முன் அந்த நாவலை ஒருமுறை படிக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிச் சென்றிருக்கிறான்.