தேநீரில் நாட்டுச் சர்க்கரை: ஒன்றரை ஆண்டு அனுபவம்

வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திவிட்டு நாட்டுச் சர்க்கரைக்கு மாறிய முதல் நாளே எனக்குப் பால் திரிந்துவிட்டது. கொதித்துக்கொண்டிருந்த பாலில் இரண்டு கரண்டியை அப்படியே போட்டேன். சற்று நேரத்தில் வெண்திட்டுகள் பாத்திரத்தின் ஓரத்தில் ஒதுங்க, நடுவில் மங்கிய மஞ்சள் நீர் தெளிந்து நின்றது. நாட்டுச் சர்க்கரையிலுள்ள இலேசான அமிலத்தன்மையும் தாது உப்புகளும் சூடான பாலின் புரதத்தைத் திரளச் செய்கின்றன என்பதைப் பிறகுதான் அறிந்தேன். இப்போதெல்லாம் சிறிது வெந்நீரில் கரைத்து வடிகட்டி வைத்துக்கொண்டு, அடுப்பிலிருந்து இறக்கிய தேநீரில் கடைசியாகச் சேர்க்கிறேன். வடிகட்டியில் தங்கும் மணலையும் சக்கைத் துணுக்குகளையும் ஒருமுறை பார்த்தவர்கள் வடிகட்டாமல் குடிக்கவே மாட்டார்கள்.

உடல்நலம் பற்றி நான் கொண்டிருந்த நம்பிக்கைதான் பெரிய பிழை. நீரிழிவு உள்ள என் தந்தையார், "இது நாட்டுச் சர்க்கரைதானே" என்று நாளுக்கு மூன்று முறை இனிப்புத் தேநீர் குடிக்கத் தொடங்கினார். அதை ஊக்குவித்ததும் நான்தான். அடுத்த பரிசோதனையில் இரத்தச் சர்க்கரை கூடியிருந்தது. இதிலும் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான் என்றும், இரத்தத்தில் சேரும்போது உடல் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு பார்ப்பதில்லை என்றும் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். சேர்க்கப்படும் சர்க்கரை, ஒரு நாளில் நாம் பெறும் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, 5 விழுக்காட்டுக்குள், அதாவது ஏறத்தாழ 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது. நாட்டுச் சர்க்கரையும் அந்தக் கணக்கில் அடங்கும்.

அப்படியானால் பயனே இல்லையா என்றால், இருக்கிறது. வெள்ளைச் சர்க்கரை தயாரிக்கும்போது பிரித்தெடுக்கப்படும் கரும்பாகான கழிவுப்பாகு இதில் நீக்கப்படாததால் இரும்பு, பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவை சிறிதளவு எஞ்சியிருக்கின்றன. ஆனால் ஒரு தேக்கரண்டியில் கிடைப்பது மிகக் குறைவு. தேநீரிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் அந்த இரும்பும் உடலில் சேர்வதைக் குறைக்கிறது. எலுமிச்சையின் வைட்டமின் சி இரும்பு சேர்வதற்குத் துணைசெய்வதால், எலுமிச்சைச் சாற்றில் கலப்பதையே நான் விரும்புகிறேன்.

எனக்குக் கிடைத்த உண்மையான பலன் வேறு. இதன் மணமும் அடர்த்தியான சுவையும் நாவில் நிற்பதால், இரண்டு கரண்டி போட்டுக் குடித்த நான் ஒன்றுக்கு வந்தேன். இப்போது அரைக் கரண்டியே போதுமானதாக இருக்கிறது. தந்தையார் தம் தேநீரை இனிப்பின்றியே குடிக்கிறார்.