பாறு கழுகு நாள்: ஊர்வலம் வேண்டுமா, வேண்டாமா?

நீர்மத்தி:
செப்டம்பர் முதல் சனிக்கிழமை வரும் பன்னாட்டுப் பாறு கழுகு விழிப்புணர்வு நாளுக்காக, நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய பள்ளிகளில் ஓவியப் போட்டியும் முகமூடி ஊர்வலமும் நடத்தலாம் என்று ‘வகுப்பறை’ எழுதியிருந்தார். எனக்கு இதில் உடன்பாடில்லை. செத்த விலங்குகளைத் தின்று வாழும் இப்பறவைகளைப் பெருமளவில் கொன்றது மாட்டுக்குப் போடப்பட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிநீக்கி ஊசி. மருந்து உடலில் தங்கியிருக்கும்போதே இறந்த மாட்டைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழக்கிறது. கழுத்தைத் தொங்கவிட்டபடி கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவை கடைசியில் கீழே விழுகிறது. அறுத்துப் பார்த்தால் ஈரலின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல யூரிக் அமிலம் படிந்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் இந்தியாவில் இருந்த வெண்முதுகுப் பாறுகள் 2007க்குள் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன. முகமூடி அணிந்த பிள்ளைகள் இதில் என்ன செய்துவிட முடியும்?

வகுப்பறை:
ஐயா, காரணம் எனக்கும் தெரியும். 2006இல் கால்நடை டைக்ளோஃபெனாக் தடை செய்யப்பட்ட பிறகும், மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015இல் அந்தக் குப்பியை 3 மில்லிக்கு மேல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு ஆணையிட்டது. மருந்து நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தும் 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையை உறுதிசெய்தது. யாரோ விடாமல் பேசியதால் தானே இதெல்லாம் நடந்தது? புலிக்கும் யானைக்கும் பரிந்து பேச ஊரே இருக்கிறது. பிணந்தின்னி என்று முகம் சுளிக்கப்படும் பறவைக்கு யார் இருக்கிறார்கள்? அந்த அருவருப்பைச் சிறுவயதிலேயே போக்குவதை வீண்வேலை என்று ஒதுக்க வேண்டாம்.

பட்டிக்காரர்:
நீங்கள் இருவரும் பேசுவதில் மாடு வைத்திருப்பவனைக் காணோமே. மடி வீங்கிய மாடு எழாமல் கிடக்கும் இரவில், மருந்துக்கடையில் எது கிடைக்கிறதோ அதைத்தான் போடச் சொல்வோம். மெலாக்சிகம் போட்டால் மாட்டுக்கும் வலி குறையும், பாறுக்கும் கேடில்லை என்று எந்த ஊர்வலமும் எங்கள் பட்டிக்கு வந்து சொன்னதில்லை. இன்னொன்றும் உண்டு. சிறுத்தை அடித்த மாட்டுக்கு இழப்பீடு வரத் தாமதமானால், ஆத்திரத்தில் சடலத்தில் நஞ்சு வைப்பவர்களும் இருக்கிறார்கள். செத்த மாட்டைப் புதைக்கச் சொல்பவர்களும் நீங்கள்தான், பாறுக்கு இரை இல்லை என்று வருந்துபவர்களும் நீங்கள்தான். நாங்கள் எதைக் கேட்பது?

நீர்மத்தி:
பட்டிக்காரர் சொல்வதே என் வாதத்துக்கும் வலு சேர்க்கிறது. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் டைக்ளோஃபெனாக் இருந்தாலே இந்த வீழ்ச்சிக்குப் போதும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டையிடும் பறவை அந்த இழப்பை எப்படி ஈடுகட்டும்? கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகிய வலிநீக்கிகளும் 2023இல் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டுவிட்டன என்பது எத்தனை கடைக்காரர்களுக்குத் தெரியும்? கையிலிருக்கும் சிறு தொகையையும் ஒரு நாள் உழைப்பையும் கடை கடையாகச் சென்று சொல்வதற்கே செலவிட வேண்டும்.

வகுப்பறை:
முகமூடியை விட்டுவிடலாம், அதற்காக நான் வாதாடப் போவதில்லை. ஓவியத்தை மட்டும் விட மாட்டேன். இங்கே படிக்கும் பிள்ளைகளில் பலர் மாடு வைத்திருக்கும் வீடுகளிலிருந்து வருகிறார்கள். அவர்கள் வரைந்த படத்தின் கீழே எந்த ஊசி ஆகும், எந்த ஊசி ஆகாது என்று எழுதிப் பால் சங்கத்தில் ஒட்டினால், துண்டறிக்கையைக் கசக்கி எறிகிற தகப்பனும் தன் பிள்ளையின் படத்தை நின்று பார்ப்பார்.

நீர்மத்தி:
சுவரில் ஒட்டிய படம் கடைக்காரரின் கையைப் பிடித்துத் தடுக்காது. இருந்தாலும் பால் சங்கத்தில் ஒட்டுவதை எதிர்க்கவில்லை. ஊர்வலத்துக்கு மட்டும் நான் வர மாட்டேன்.

பட்டிக்காரர்:
பால் சங்கம் என்றால் காலையில் பால் ஊற்றும் நேரத்துக்கே வாருங்கள். பிறகு வந்தால் ஆள் இருக்காது. கால்நடை மருத்துவரையும் உடன் அழைத்து வாருங்கள், எங்கள் கேள்விகள் அவரிடம்தான். செத்த மாட்டைப் புதைப்பதா, அப்படியே விடுவதா என்பதற்கு வனத்துறையிடம் எழுத்தில் ஒரு பதில் வாங்கி வந்தால், அதையும் படத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடலாம்.