மெய்நிகர் நெட்வொர்க் டிரைவரை கெர்னலில் எங்கே வைப்பது? மாட்யூலாக ஓடுகிறது, உள்ளே சேர்த்துக் கட்டினால் ஓடவில்லை

ரிங்பஃபர்:
வணக்கம். நாங்கள் எழுதிவரும் ஹைப்பர்வைசரில் (மெய்நிகர் கணினிகளை இயக்கும் மென்பொருள்) ஓடும் லினக்ஸ் கெஸ்டுக்கு (அந்த மெய்நிகர் கணினிக்கு) நெட்வொர்க் டிரைவர் எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. கார்டு என்று எதுவும் கிடையாது. இரண்டு பக்கமும் பார்க்கிற பொது நினைவகத்தில் ஒரு ரிங் (வட்டமாகச் சுழலும் வரிசை), பாக்கெட்டைப் போட்டதும் எதிர்ப்பக்கத்தைத் தட்டி எழுப்ப ஒரு ஹைப்பர்கால் (கெஸ்ட் ஹைப்பர்வைசரை நேராக அழைப்பது), அவ்வளவுதான். ஹைப்பர்கால் எக்ஸ்86-க்கே உரியது என்பதால் டிரைவரையும் செயலிக்கே உரிய கோடு இருக்கும் ஆர்ச்/எக்ஸ்86 அடைவிலேயே வைத்திருக்கிறேன். சாதனங்களைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் எங்கள் பஸ் கோடு மட்டும் டிரைவர்ஸ் அடைவில் தனியாக இருக்கிறது. இரண்டிலும் தொடக்கச் செயலைப் பதிவது மாட்யூல்_இனிட் தான்.

மாட்யூலாகக் கட்டி மோட்ப்ரோப் கட்டளையால் ஏற்றினால் பிங் நன்றாகப் போகிறது. கெர்னலுக்குள் சேர்த்துக் கட்டினால் இன்டர்ஃபேஸே வருவதில்லை. பஸ் இன்னும் தொடங்கப்படாததால் டிரைவரைப் பதிய முடியவில்லை என்று டிமெசேஜில் (கெர்னல் பதிவில்) ஒரு வரி மட்டும் வருகிறது. டிரைவரை மேல்மட்டத்தில் தனியாக இருக்கும் நெட் அடைவுக்கு மாற்றச் சொல்கிறார் ஒருவர், டிரைவர்ஸ்/விர்ட் என்கிறார் இன்னொருவர். எது சரி?

பழைய_பேட்ச்:
டிமெசேஜ் சொல்வது அப்படியே உண்மை. கெர்னலுக்குள் கட்டும்போது மாட்யூல்_இனிட் என்பது டிவைஸ்_இனிட்கால் ஆகிவிடும். இனிட்கால் என்பது பூட் ஆகும்போது படிப்படியாக ஓடும் தொடக்கச் செயல். ஒரே படியில் இருக்கும் இனிட்கால்கள் லிங்க் ஆன வரிசையில் ஓடும். ஆர்ச் அடைவு டிரைவர்ஸ் அடைவுக்கு முன்பே லிங்க் ஆகிறது. ஆக உங்கள் டிரைவர் முதலில் எழுந்து பஸ்ஸைத் தேடுகிறது, பஸ்ஸோ பிறகுதான் வருகிறது. மாட்யூலாக இருக்கும்போது மோட்ப்ரோப் சார்புகளைப் பார்த்து பஸ்ஸை முன்னதாக ஏற்றிவிடுவதால் குட்டு வெளிப்படவில்லை.

நெட் அடைவு டிரைவர்ஸுக்குப் பிறகு லிங்க் ஆவதால், அங்கே மாற்றினாலும் பிழை மறையும். அதற்காக அங்கே போய்விடாதீர்கள். அடைவு வரிசையை நம்பாமல் பஸ்ஸின் தொடக்கத்தை சப்சிஸ்_இனிட்கால் ஆக்குங்கள். அது முன்னாலுள்ள படியில் ஓடுவதால் டிரைவர் எங்கே இருந்தாலும் பஸ் தயாராக இருக்கும். மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வியின் பஸ்ஸும் இதையேதான் செய்கிறது. மெய்நிகர் சாதனங்களுக்கான பொதுத் தரமான விர்ட்ஐஓ இன்னும் முன்னே போய் கோர்_இனிட்காலிலேயே பதிந்துகொள்கிறது.

இடத்தைப் பற்றி: கீழே இருப்பது சிலிக்கானா ஹைப்பர்வைசரா என்பது இங்கே கணக்கே இல்லை. மேலே ஒரு நெட்_டிவைஸை (கெர்னலில் நெட்வொர்க் இன்டர்ஃபேஸைக் குறிக்கும் அமைப்பு) பதிந்து, என்டிஓ_ஸ்டார்ட்_எக்ஸ்மிட் என்ற அனுப்பும் செயல் வழியாகப் பாக்கெட் வாங்குகிறீர்களா? அப்படியானால் இடம் டிரைவர்ஸ்/நெட். உங்களுக்கு முன்னால் வந்தவர்களைப் பாருங்கள். ஹைப்பர்-வி: ஹைப்பர்கால் ஆர்ச்/எக்ஸ்86-இல், பஸ் டிரைவர்ஸ்/எச்வி-யில், நெட்வொர்க் டிரைவர் டிரைவர்ஸ்/நெட்/ஹைப்பர்வி-யில். சென் (இன்னொரு ஹைப்பர்வைசர்): பஸ் டிரைவர்ஸ்/சென்-இல், நெட்வொர்க் டிரைவரான நெட்ஃப்ரன்ட் டிரைவர்ஸ்/நெட்-இல். விர்ட்ஐஓ-வும் இப்படித்தான். மூன்றுமே ஒரே மாதிரி பிரிந்திருக்கின்றன. நெட்வொர்க் கோருக்குள் ஏதாவது மாறினால் எல்லா டிரைவர்களையும் சேர்த்துத் திருத்துவார்கள். உங்களுடையது மட்டும் ஆர்ச் மூலையில் கிடந்தால் திருத்துபவர் கண்ணில் படாமல் போகும்.

டிரைவர்ஸ்/விர்ட் ஹைப்பர்வைசரோடு பேசும் நிர்வாக வேலைகளுக்கான இடம். பாக்கெட் போகும் பாதைக்கு அங்கே வேலை இல்லை.

வெத்_ஜோடி:
விதி நன்றாகத்தான் இருக்கிறது அண்ணா, ஆனால் கெர்னலே அதை மதிக்கவில்லையே? இன்டர்ஃபேஸ்களை இணைக்கும் பிரிட்ஜும் நெட்_டிவைஸ் பதிகிறது, இருப்பது நெட்/பிரிட்ஜ். ஒரே இணைப்பைப் பல நெட்வொர்க்காகப் பிரிக்கும் விஎல்ஏஎன் நெட்/8021கியூ-வில். ஒரு இன்டர்ஃபேஸின் மேல் பல இன்டர்ஃபேஸ்களை உருவாக்கும் மேக்விஎல்ஏஎன் மட்டும் டிரைவர்ஸ்/நெட்-இல்!

பழைய_பேட்ச்:
பிரிட்ஜுக்குப் பதில் உண்டு. அது முகவரி அட்டவணை வைத்துக்கொண்டு எந்த ஃபிரேம் எந்தப் போர்ட்டுக்குப் போக வேண்டும் என்று முடிவெடுக்கிறது. ஃபிரேம்கள் சுற்றிச்சுற்றி வராமல் தடுக்கும் எஸ்டிபி நெறிமுறை கூட அதற்குள் இருக்கிறது. அது நெறிமுறை வேலை, நெட் அடைவுக்கு உரியது. விஎல்ஏஎன் ஒரு பக்கம், மேக்விஎல்ஏஎன் இன்னொரு பக்கம் என்பதற்கு வரலாறுதான் காரணம், நியாயம் தேடிப் பயனில்லை. ஆனால் புதிதாக வருபவை எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பாருங்கள். 2020-இல் 5.6 கெர்னலோடு வந்த வயர்கார்ட் என்ற விபிஎன் குறியாக்கம், யுடிபி என்று எவ்வளவோ செய்கிறது. இருந்தும் அதன் இடம் டிரைவர்ஸ்/நெட்/வயர்கார்ட்.

ரிங்பஃபர்:
ஹைப்பர்காலை மட்டும் ஆர்ச்-இல் விட்டுவிட்டு, டிரைவரை டிரைவர்ஸ்/நெட்-க்கு மாற்றி, பஸ்ஸை சப்சிஸ்_இனிட்கால் ஆக்கினேன். உள்ளே கட்டினாலும் இப்போது பூட்டிலேயே இன்டர்ஃபேஸ் வந்துவிடுகிறது. நன்றி!

இன்னும் இரண்டு சந்தேகம். /சிஸ்/கிளாஸ்/நெட்-இல் பார்த்தால் என் இன்டர்ஃபேஸின் இணைப்பு /சிஸ்/டிவைசஸ்/விர்ச்சுவல்/நெட்-க்குப் போகிறது, எங்கள் பஸ்ஸுக்குக் கீழே வரவில்லை. இது மெய்நிகர் சாதனம்தானே, அப்படியே விடலாமா? அப்புறம், டிரைவர்ஸ்/நெட்/ஈதர்நெட்-க்குள் நிறுவனப் பெயரில் அடைவு போட வேண்டுமா?

வெத்_ஜோடி:
முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். விடக்கூடாது. ரெஜிஸ்டர்_நெட்டெவ்-க்கு முன்னால் செட்_நெட்டெவ்_டெவ் கூப்பிட்டு உங்கள் பஸ் சாதனத்தைப் பெற்றோராகக் கொடுங்கள். பெற்றோர் இல்லாத நெட்_டிவைஸை எல்லாம் கெர்னல் விர்ச்சுவல் அடைவில் போட்டுவிடும். டம்மி, வெத் போன்ற முழுக்க மென்பொருளான இன்டர்ஃபேஸ்களுக்கு அது சரி, அவற்றுக்குப் பின்னால் எந்தச் சாதனமும் இல்லை. உங்களுக்கு ஹைப்பர்வைசர் கொடுத்த சாதனம் ஒன்று இருக்கிறதே. அந்தத் தொடர்பு இல்லாவிட்டால் இந்த இன்டர்ஃபேஸ் எந்தச் சாதனத்துடையது என்று சாதனங்களைக் கவனித்துப் பெயரிடும் யூடெவ் கண்டுபிடிக்க வழியே இல்லை.

பழைய_பேட்ச்:
இரண்டாவதற்கு இரண்டு வழக்கமும் உண்டு. அமேசானின் ஈஎன்ஏ, கூகிளின் ஜிவிஈ போன்ற மெய்நிகர் கார்டுகள் பிசிஐ சாதனமாகவே கெஸ்டுக்குத் தெரிகின்றன, அவை ஈதர்நெட் அடைவுக்குள் நிறுவனப் பெயரில் இருக்கின்றன. சொந்த பஸ்ஸோடு வரும் சென், ஹைப்பர்-வி நேராக டிரைவர்ஸ்/நெட்-க்குக் கீழே. நீங்கள் இரண்டாவது வகை. ஒரே சி கோப்பு என்றால் தனி அடைவு கூட வேண்டாம்.

அனுப்பும்போது ஹைப்பர்கால், பஸ், டிரைவர் மூன்றையும் தனித்தனி பேட்சாகப் பிரியுங்கள். டிரைவர், நெட்வொர்க் பேட்சுகளைச் சேர்க்கும் நெட்-நெக்ஸ்ட் கிளை வழியாகப் போகும். மெர்ஜ் விண்டோ (அடுத்த கெர்னலுக்கான மாற்றங்கள் முதன்மைக் கெர்னலில் சேரும் காலம்) நடக்கும்போது அது மூடியிருக்கும், திறந்த பிறகு அனுப்புங்கள். விர்ட்ஐஓ-வை உங்கள் ஹைப்பர்வைசரிலேயே ஏன் எழுதவில்லை என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்கான பதிலை பேட்சுகளோடு அனுப்பும் அட்டைக் கடிதத்தின் (கவர் லெட்டர்) முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.