மேளச் செட் முதல் சிம்பனி வரை: பதிலாள், நேரம், காசு

திருவிழா ஒழுங்கு பார்ப்பவர், இணுவில்

திருவிழாவுக்கு மேளச் செட் (நாதஸ்வர, தவில் குழு) பிடிக்கையில் வரும் சச்சரவில் பாதி தொகையால் வருவதில்லை, பதிலாளால் வருகிறது. தேரும் கலியாண முகூர்த்தமும் ஒரே நாளில் விழுந்தால், பேசியது ஒரு தவில்காரரை, வந்து நிற்பது இன்னொருவர். உபயகாரர் (அன்றைய திருவிழாச் செலவை ஏற்பவர்) காசைக் குறைப்பார். செட்டின் தலைவர் "ஆள் குறையேல்லையே" என்பார். அச்சாரத் துண்டில் (முன்பணச் சீட்டில்) "இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில்" என்று மட்டும் இருந்தால் இரண்டு பேர் சொல்வதும் சரிதான்.

லண்டனில் இதே வழக்கு 1904இல் வெடித்தது. ஒத்திகைக்கு ஒருவர், கச்சேரிக்கு வேறொருவர் என்று பதிலாள் அனுப்பும் பழக்கத்தைக் குயின்ஸ் ஹால் ஓர்கெஸ்ட்ரா (பெரிய மேலைத்தேய வாத்தியக் குழு) நிர்வாகம் ஒரேயடியாகத் தடை செய்தது. நாற்பதுக்கு மேற்பட்டோர் வெளியேறி, தாங்களே நடத்தும் லண்டன் சிம்பனி ஓர்கெஸ்ட்ராவை அமைத்தார்கள். தடையில் நியாயம் இருந்தது. ஆனால் வெளி வேலையை மறிப்பவர் அந்த வருமானத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும்.

துண்டில் எழுத வேண்டியவை: யாருக்காக அந்தச் செட்டைப் பேசுகிறீர்களோ அவர் பெயர் (ஒருவர், கூடினால் இருவர்), அவர் வராவிட்டால் கழிக்கும் தொகை, பதிலாளின் கூலி தலைவரின் பொறுப்பு என்ற ஒரு வரி. எல்லார் பெயரையும் எழுதிக் கட்டிப்போட்டால் முகூர்த்த மாதத்தில் ஒரு செட்டும் கையெழுத்து வைக்காது.

நாதஸ்வரக்காரர், அளவெட்டி

பதிலாளை விட நேரம்தான் பெரிய கரைச்சல். ஆறு மணிக்கு வாங்கோ எண்டு சொல்லுவினம். வசந்தமண்டபப் பூசை தொடங்க எட்டாகும், சுவாமி வெளிவீதி சுத்தி உள்ளுக்கு வரப் பதினொண்டு. ஊதின நேரம் மூண்டு மணித்தியாலம், வந்து நிண்ட நேரம் அஞ்சு. எதுக்குக் காசு?

அமெரிக்காவில பெரிய ஓர்கெஸ்ட்ராக்கள் "சேர்விஸ்" எண்டு எண்ணுவினம். ஒத்திகையோ கச்சேரியோ ஒவ்வொண்டும் ஒரு சேர்விஸ். பெரும்பாலும் இரண்டரை மணித்தியாலம், நடுவில இடைவேளை, கிழமைக்கு எட்டு வரைக்கும். நேரம் மிஞ்சினால் மிஞ்சின நேரத்துக்கு ஏற்ப மேலதிகக் கூலி ஏறும். உபயகாரரும் இப்பிடிப் பேசலாம்: காலைப் பூசை ஒண்டு, இரவுத் திருவிழா ஒண்டு, தேரண்டு இரண்டு. வாசலுக்கு வந்த நேரத்திலயிருந்து கணக்கு. அரை மணித்தியாலம் பொறுக்கலாம், அதுக்கு மேல ஒவ்வொரு அரை மணித்தியாலத்துக்கும் முதலே பேசின தொகை.

இடைவேளை கேக்கிறது தேத்தண்ணிக்கு மட்டுமில்லை. சீவாளி (நாதஸ்வரத்தில வாய் வைச்சு ஊதுற நாக்கு) எச்சில்ல ஊறி இளகினால் சுருதி நிக்காது, மாத்த வேணும். இரவுப் பனியில தவில் தோல் தளரும், வார் இறுக்க வேணும். உதடு விட்டுப்போனால் மேல் பஞ்சமம் எட்டாது, பிறகு "நல்லா ஊதேல்லை" எண்டு அதுக்கும் கழிப்பினம்.

கோயில் கணக்காளர், நீர்வேலி

"கோபுரத்துக்குக் கோடி இருக்கு, மேளத்துக்குக் காசில்லையோ?" ஒவ்வொரு வருடமும் வரும் கேள்வி. திருப்பணிக்கென்று வெளிநாட்டிலிருந்து வந்த காசைக் கூலிக்கு எடுக்க முடியாது என்று சபை சொல்லும். உண்மைதான், ஆனாலும் யாரும் நம்புவதில்லை.

அமெரிக்காவின் மினசோட்டா ஓர்கெஸ்ட்ரா இதே இடத்தில்தான் தடுக்கியது. 2012 ஒக்டோபர் முதல் 2014 ஜனவரி வரை நிர்வாகம் கதவடைப்புச் செய்தது (கலைஞரை வேலைக்கு விடாமல் நிறுத்தியது). அடிப்படைச் சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கைக் குறைக்கக் கேட்ட அதே காலத்தில், மண்டபத்தைப் புதுப்பிக்கச் சுமார் 5 கோடி டொலர் போய்க்கொண்டிருந்தது. அது கட்டடத்துக்கென்றே திரட்டிய காசு என்ற விளக்கம் எடுபடவில்லை. இசை நடத்துநர் ஒஸ்மோ வன்ஸ்கா 2013 ஒக்டோபரில் விலகினார். உடன்பாடு வந்த பிறகே திரும்பினார்.

அடியில் கிடக்கும் காரணத்தைப் பௌமோல், போவென் என்ற இரு பொருளியலாளர்கள் 1966இல் எழுதினார்கள். நால்வர் வாசிக்கும் உருப்படிக்கு இன்றைக்கும் நால்வர் வேண்டும், அதே நிமிடங்கள் வேண்டும். வெளியே கூலி ஏற ஏற இசையின் செலவும் ஏறும், வேலையைச் சுருக்கி அதை ஈடுகட்ட வழியில்லை. ஆகவே மேளத்துக்கு "போன வருடத் தொகை" என்று பேசுவது ஒவ்வொரு வருடமும் ஒரு சிறு வெட்டு.

செய்யக்கூடியது: நன்கொடைப் பற்றுச்சீட்டில் திருப்பணி, நித்திய பூசை என்ற கட்டங்களோடு "கலைஞர் நிதி" என்றும் ஒரு கட்டம் அச்சடியுங்கள். கட்டம் இருந்தால் அதற்கும் கொடுப்பார்கள். போன வருட மேளச் செலவைப் பேச்சுக்கு முன்பே அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள், பேச்சு நடுவில் இழுத்து வெளியே வரும் கணக்கை ஒருவரும் நம்பமாட்டார்.

தவில்காரர், கோண்டாவில்

எங்கடை சண்டை கோயிலோட இல்லை, தலைவரோட. மொத்தக் காசு எவ்வளவெண்டு தாளம் போடுற பெடியனுக்குத் தெரியாது. பங்கை முதலே எழுதி எல்லாரும் கையெழுத்து வைச்சால் முடிஞ்சுது. முதல் வாத்தியத்துக்குக் கூட எடுக்கிறது எங்கையும் உள்ளதுதான், ஒளிச்சு எடுக்கிறதுதான் பிழை.

நேரலை ஒளிபரப்பாளர், கொக்குவில்

புதுத் தகராறு இது. திருவிழாவை யூடியூபில் விட்டால் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் பார்க்கிறார்கள், மேளத்துக்கு ஒன்றும் போவதில்லை. நேரலை மட்டுமா, பதிவும் கிடக்குமா, எவ்வளவு காலம், தனி ஆவர்த்தனத்தை வெட்டித் தனிக் காணொளியாகப் போடலாமா, விளம்பரக் காசு யாருக்கு என்ற ஐந்தையும் எழுதிக்கொள்ளுங்கள். தகராறு அநேகம் நாலாவதில்தான் வரும்.

தொழிற்சங்கக் காரர், யாழ்ப்பாணம்

ஆள் குறைப்பு வந்தால் என்ன செய்வது? அமெரிக்காவின் சான் அன்ரோனியோ சிம்பனி ஓர்கெஸ்ட்ராவில் முழுநேரக் கலைஞரை 72இலிருந்து 42ஆக்க நிர்வாகம் முனைந்தது. 2021 செப்டெம்பரில் வேலைநிறுத்தம். 2022 ஜூனில் நிர்வாக சபை ஓர்கெஸ்ட்ராவையே கலைத்தது. கலைஞர்கள் சிலர் வேறு பெயரில் புதுக் குழு தொடங்கினார்கள். ஆதலால் நிறுத்தத்துக்கு முன், எதிர்ப்பக்கம் கலைத்துவிட்டுப் போகக்கூடியதா என்று பாருங்கள். கோயில் கலையாது, ஆனால் உபயகாரர் ஒலிபெருக்கியில் இசைத்தட்டைப் போட்டுவிட்டு இருந்துவிடுவார்.

இலங்கையில் 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். வாய்ப்பேச்சு ஒப்பந்தத்தில் வேலை செய்பவரும் அதில் அடங்குவார். ஒரு செட்டில் ஏழு பேர் வராது, இரண்டு செட் சேர வேண்டும். பதிந்த பிறகு வருடாந்தக் கணக்கறிக்கையைத் தவறாமல் கொடுக்க வேண்டும், கலைஞர் சங்கங்கள் அநேகம் அந்த இடத்தில்தான் விடுபட்டுப் போகின்றன.